மூக்கில் இரண்டு சொட்டு

சளியில் ரத்தக் கோடு வந்த அன்று அதை நான் மிளகாய்த் தோல் என்றுதான் நினைத்தேன். காலையில் காரச் சட்னி தின்றிருந்தேன். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரைதான் இருந்தது. அன்றைக்கும் கோடு வந்தது.

உங்கள் கையில் இப்போது ஒரு ஸ்கேன் படம் இருக்கலாம். கூடவே வந்த தாளில் நுரையீரலில் கட்டி என்று எழுதியிருக்கலாம். அதைப் படித்துவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேலெல்லாம் அப்போது எரிந்து விழுந்தவள் நான். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வசந்தா. கவரப்பேட்டைக்கு மேற்கே எங்கள் ஊர். கணவர் ஏகாம்பரம் சொந்தக் கழனியில் நெல் வைக்கிறார். நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பட்டி மாவுக் கம்பெனிக்குப் போகிறேன். சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பூசி இழைப்பார்களே, அந்த வெள்ளை மாவு. இயந்திரத்தின் வாயில் பையைப் பிடித்து, நிரம்பியதும் நகர்த்திவிடுவது என் வேலை. மாலையில் வெளியே வரும்போது எங்கள் எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும்.

ஷிப்டுக்கு முன் நாங்கள் தயாராகும் நேரத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வார். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. தலைக்குத் துண்டு. மூக்குக்கு எண்ணெய். கம்பெனி கொடுக்கும் மாஸ்க் வேர்வையில் ஊறி மூச்சு முட்டும் என்பதால் அது பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கும். பெண்கள் அறையில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வோம். மங்கா பாட்டிலோடு வருவாள். என் வயதுக்காரி, எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள். ஒவ்வொருத்திக்கும் ஒரு துளைக்கு இரண்டு சொட்டு விடுவாள். தூசு மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போகாது என்பது எங்கள் கணக்கு. சாயங்காலம் மூக்கைச் சீந்தினால் வெள்ளைக் களிம்பாக வரும். இவ்வளவும் உள்ளே போகாமல் தப்பித்தோமே என்று அதைப் பார்த்துத் திருப்திப்படுவோம்.

முதலில் தேங்காய் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தோம். மார்கழியில் அது பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்துபோகும். அதனால் கடையில் விற்கும் பச்சை நிற வாசனைத் தலை எண்ணெய்க்கு மாறினோம். அது எந்தக் குளிரிலும் உறையாது. வேலை முடிந்த பிறகு எனக்கு மூக்கு எரியும். வீட்டிலும் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, படுத்தபடியே இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு தூங்குவேன்.

ரத்தக் கோட்டுக்குப் பிறகு பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. காசநோயாக இருக்கும் என்று சளியைச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. நிமோனியாவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுசாக விழுங்கினேன். வெள்ளை அப்படியே இருந்தது. சாயங்காலமானால் லேசாக உடம்பு சுட்டது. ரவிக்கை தொளதொளத்தது. சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

சென்னையில் நெஞ்சு நோய்க்கான பெரிய டாக்டர் கேள்வியாகக் கேட்டார். பீடி, சிகரெட் உண்டா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்காரருக்கு உண்டா? விறகடுப்பா? வீட்டில் புறா வளர்க்கிறீர்களா? என்ன வேலை? பட்டி மாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். தூசியால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் பரவலாகத் தெரியும், இது ஒரே இடத்தில் திரண்டிருக்கிறதே என்று யோசித்தார். எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தலை வாரிக்கொள்வதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய கட்டி, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. ஓரம் வழவழப்பாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி, பிசிறாக இருந்தால் கவலை என்று பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். அவரை அடிக்கலாம் போலிருந்தது.

அடுத்து பயாப்ஸி (கட்டியிலிருந்து துளிச் சதை எடுத்து ஆய்வு செய்வது). குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக ஊசியைச் செலுத்தினார்கள். மூச்சை அடக்கு என்றார்கள், அடக்கினேன். இருமல் வந்துவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். வலியை மறந்துவிட்டேன், அந்தப் பயம் இன்னும் முதுகில் இருக்கிறது.

முடிவைச் சொல்ல டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"இதுல புற்றுநோய் செல் எதுவும் இல்லம்மா. அழற்சிதான் இருக்கு" என்றார். அழற்சி என்றால் உடம்பு எதையோ எதிர்த்துச் சண்டை போட்டு, அந்த இடம் வீங்கிச் சிவந்து நிற்பது. அது திரண்டு கட்டி போலவும் நிற்குமாம். என் கணவர் கைகூப்பிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"உட்காருங்க" என்றார் டாக்டர். "ஊசியில வந்தது கடுகளவு. அதுக்குப் பக்கத்துல வேற மாதிரி இருந்தா?"

பெட் ஸ்கேனிலும் (சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றி, அதை அதிகம் உறிஞ்சும் இடத்தைப் பிரகாசமாகக் காட்டும் படம்) கட்டி பளிச்சென்று தெரிந்தது. அழற்சியும் அப்படித்தான் தெரியும், புற்றும் அப்படித்தான் தெரியும் என்றார். வலது நுரையீரலுக்கு மூன்று மடல். கட்டி இருக்கும் கீழ்மடலை வெட்டி எடுத்து முழுசாக ஆராய்ந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வெட்டிய மடல் திரும்ப வளராது.

திரும்பும் வழியில் ரயிலில் ஏகாம்பரம் என் காதோடு பேசினார். "எட்த்துப் போட்டுர்லாம், வசந்தா. உள்ள வச்சிக்கினு இன்னாத்துக்கு பேஜாரு?"

"கழனில களை புடுங்கற மாதிரி பேசாதய்யா. அது என் நெஞ்சு."

"நீ உயிரோட இருக்கணும்னுதானே சொல்றேன்."

"நல்ல கட்டியா இருந்து, வெட்டிப்புட்டு அப்புறம் ஒண்ணுமில்லன்னா? அத்த திருப்பி ஒட்டுவானா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீஞ்சூர் தாண்டும்போது துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றார். எனக்கும் அழுகை முட்டியது. வெட்டாமல் விட்டு அது புற்றாக இருந்தால் நான் போய்விடுவேன். வெட்டி அது புற்றாக இல்லாவிட்டால், மூட்டையை நகர்த்தவும் நாற்று நடக் குனியவும் எனக்கு வேண்டிய மூச்சை வீணாக இழந்துவிடுவேன். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் தின்றேன், துணி துவைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

கடைசியில் சரி என்று கையெழுத்துப் போட்டேன். தைரியம் வந்து போடவில்லை. தினமும் யோசித்து யோசித்து அலுத்துப்போய்ப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் மங்கா வார்டுக்கு வந்தாள். வாழைப்பழம், பிஸ்கட், கம்பெனிக் கதைகள் எல்லாவற்றையும் கட்டில் மேல் கொட்டினாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மூஞ்சி காஞ்ச கருவாடாட்டம் கீது. மூக்கெல்லாம் வெடிச்சிப் போய்க்கீது பாரு."

"ஏசிக் காத்துடி."

பையில் கைவிட்டுப் பச்சை பாட்டிலை எடுத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

"ஆஸ்பத்திரில வாணாம் மங்கா."

"அட, எண்ணெதானே. வெசமா குட்த்துட்டேன்? சாய்டி தலைய."

சாய்த்தேன். அவள் கை என் தாடையைப் பிடித்த விதம், அந்த வாசனை, மூக்குக்குள் இறங்கிய குளிர்ச்சி. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக உடம்பு தளர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன விடுறீங்க மூக்குல?"

வார்டைப் பார்த்துக்கொள்ளும் இளம் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தாள். மங்கா பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, எண்ணெ. டூட்டிக்கு முன்னாடி டெய்லி உடுவோம், மாவு உள்ள போவாம."

"டெய்லியா? எவ்வளவு நாளா?"

"நான் சேந்ததுலேர்ந்து" என்றேன். "எல்லாருமேதான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர்கள் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ராத்திரியும் விடுவீர்களா என்று கேட்டாள். படுத்துக்கொண்டா என்று கேட்டாள். இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

"தொண்டைக்கு இறங்குமா?"

"இறங்கும்."

"அப்போ இருமல் வராதா?"

"வராது. வழுக்கிக்கினு போய்டும்."

மங்காவிடம் கையை நீட்டி பாட்டிலை வாங்கினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணருகே வைத்துப் படித்தாள். பாட்டிலோடு வெளியே போனாள்.

"இன்னாடி, திட்டுவாங்களா?" என்றாள் மங்கா.

பெரிய டாக்டர் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். பிறகு, "நாளைக்கு ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன். ரத்து பண்ணல. தள்ளி வைக்கிறேன். புரியுதா?" என்றார்.

புரிந்தது என்றேன். ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார்.

தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் உடம்பு உடனே இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படியல்ல. தூங்குபவளின் தொண்டையில் ஓசையில்லாமல் வழுக்கி உள்ளே இறங்கிவிடும். நாங்கள் விட்டுக்கொண்ட பச்சை எண்ணெயில் பெரும்பங்கு மினரல் எண்ணெய், அதாவது பெட்ரோல் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து பிரிப்பது. தலையில் தடவ ஒன்றுமில்லை. நுரையீரலுக்கு அதைக் கரைக்கத் தெரியாது. காவல் செல்கள் அதை விழுங்கி விழுங்கி அங்கேயே தங்கிவிடும், சுற்றிலும் வீங்கித் திரளும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், மூக்குக்குள் எதுவுமே வேண்டாம் என்றார் டாக்டர்.

"அப்போ இது புற்று இல்லையா சார்?" என்றார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஏகாம்பரம்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எண்ணெய் விட்டவங்களுக்குப் புற்று வராதுன்னு சட்டமில்ல. பார்க்கணும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மங்கா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நான் பின்னால் போனபோது சுவரோரம் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாண்டி உன்ன கொன்னுட்டேன். என் கையாலயே..."

"சாவும்போது உன் பேரச் சொல்லிட்டு சாவறேன். இப்ப எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் சிரிக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிராங்கோஸ்கோபி (மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் செலுத்துவது) செய்தார்கள். உப்பு நீரை உள்ளே விட்டுக் கழுவி, அதைத் திரும்ப உறிஞ்சி எடுத்தார்கள். சிறிது நேரம் வைத்த பிறகு, ஆறிய கறிக்குழம்பில் நெய் படிவது போல அதன் மேல் எண்ணெய் படிந்ததாம். சாயமிட்டுப் பார்த்ததில் செல்களுக்குள் எண்ணெய்த் துளிகள் இருந்தன. பழைய ஸ்கேனையும் எடுத்து மறுபடி அளந்தார்கள். கட்டியின் நடுவே கொழுப்பின் அடர்த்தி தெரிந்தது. முன்பு அது அவர்கள் கண்ணில் படவில்லை, ஏனென்றால் யாரும் எண்ணெயைத் தேடவில்லை. என் நோயின் பெயர் லிப்பாய்டு நிமோனியா (நுரையீரலில் தங்கிய எண்ணெயால் வரும் அழற்சி).

பெயர் தெரிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எனக்கு மோசமான காலம் அதற்குப் பிறகுதான். கத்தி வைத்திருந்தால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்திருப்பார்கள். இப்போது கட்டி உள்ளேயே இருந்தது, அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) கொஞ்ச காலம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதைக் கொடுக்க மாட்டார்களாம், பலருக்கு எண்ணெயை நிறுத்துவதே வைத்தியமாம். எனக்கு முகம் பூசணிக்காயாக உப்பியது. கோபம் ஏற்கெனவே எனக்குக் குறைவில்லை, மாத்திரை அதை இரட்டிப்பாக்கியது. குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னதற்கு ஏகாம்பரத்தின் தட்டைப் பிடுங்கிவிட்டேன். அவர் கையை நக்கிக்கொண்டே, "மாத்திர பேசுது" என்றார். அதற்கும் கத்தினேன்.

ஒவ்வொரு இருமலையும் எடைபோட்டேன். இது சாதாரண இருமலா, அந்த இருமலா? குளிக்கும்போது வலது விலாவை அழுத்திப் பார்த்தேன், கை பட்டு அது தெரிந்துவிடும் போல. கட்டி நம் பேச்சைக் கேட்கிறது என்றுகூடச் சில நாள் தோன்றியது. அதனால் நல்ல வார்த்தையாகப் பேசினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் பேசுவீர்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருந்தது. எனக்குக் காதடைத்துவிட்டது.

"வளரல" என்றார் டாக்டர்.

"குறையலையே சார்."

"வளரலம்மா. இப்போதைக்கு அது நல்ல சேதி. இன்னொரு மூணு மாசம் பார்ப்போம். வளர்ந்திருந்தா வெட்டிடுவேன், அப்போ என்கிட்ட சண்டை போடக் கூடாது."

போட மாட்டேன் என்றேன். அந்த மூன்று மாதத்தில் எங்கள் கழனியில் நட்டு, களையெடுத்து, கதிர் வந்து அறுத்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயிருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் நாள் குறித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பயிர் மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்த ஸ்கேன் அன்று டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் பார்த்துவிட்டார். "சின்னதா கீது" என்றார். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மீதி தழும்பாக நிற்கலாம் என்றார் டாக்டர். எண்ணெய் முழுவதும் போகப் பல வருஷமாகும், கொஞ்சம் போகாமலேயே தங்கலாம். இனி அவ்வப்போது பார்த்தால் போதும், கத்தி வேண்டாம்.

வெளியே வந்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வராந்தாவில் மரம் மாதிரி நின்றோம். "சரி வா, கழனிக்கு உழவுத் தண்ணி கட்டணும்" என்றார் அவர். இவ்வளவு நல்ல பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ரயில் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன், ஊரே பார்க்கட்டும் என்று.

மங்காவுக்கும் மற்றப் பெண்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நச்சரித்தேன். எடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு விட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான், காரணம் அதுவாக இருக்கலாம் என்று டாக்டர் நினைக்கிறார். அதனாலேயே அவர்களை நம்பவைப்பது பெரும்பாடாகிவிட்டது. "எண்ணெ உட்டா யாரனா சாவுவாங்களா?" என்றாள் ஒருத்தி. வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே நான் இரண்டு ஸ்கேன் படங்களையும் கொண்டுபோய்ப் பெண்கள் அறை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டினேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அதன் முன் கூட்டம். சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுச் சரியாகப் பொருந்தும் நல்ல மாஸ்க் வரவழைத்தோம். வேர்க்கத்தான் செய்கிறது. வேர்க்கட்டும்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு முதல் நாள். பெண்கள் அறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். உடம்புக்கு எதுவும் மறப்பதில்லை போலிருக்கிறது. மங்கா எதிரே வந்து நின்றதும் என் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. கண்கூட மூடிக்கொண்டது.

அவள் கை என் தாடையைப் பிடித்தது. எண்ணெய் விழவில்லை. மாஸ்க்கின் நாடாவை இழுத்து என் தலைக்குப் பின்னால் மாட்டினாள். மூக்கின் மேல் இருந்த கம்பியை இரண்டு விரலால் அழுத்தி, இடைவெளி இருக்கிறதா என்று ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"போதும்டி, மூக்கே போய்டும்" என்றேன்.

"சும்மா இரு. மூச்சு வாங்கு, பாக்கலாம்."

வாங்கினேன். மெதுவாக, இருமல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வாங்கினேன். மூச்சு வலது பக்கம் அடிவரைக்கும் இறங்கியது. அந்தத் தழும்பையும் தொட்டிருக்கும். இருமல் வரவில்லை.

"வருதா?" என்றாள் மங்கா.

"வருது" என்றேன். அடுத்தவள் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். மங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு மாட்டப் போனாள்.